அயர்லாந்து விவசாயிகளின் 'மெஹல்' எங்கிருந்து வந்த சொல்?

அக்கம்பக்கத்து விவசாயிகள் ஒருவர் வயலில் கூடி வேலையை முடித்துக் கொடுப்பதை அயர்லாந்தில் 'மெஹல்' என்கிறார்களே, அந்தச் சொல்லின் பிறப்பும் இலக்கணமும் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். ஐரிஷ் மொழியில் எனக்கு மிகவும் பிடித்த சொல் இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பழைய ஐரிஷில் இது 'மெதெல்'. கதிர் அறுக்கும் ஆட்களின் கூட்டம் என்பதுதான் பொருள். அப்புறம் புல் அறுப்பு, கதிரடிப்பு, அடுப்பெரிக்கச் சதுப்பு நிலத்தில் கட்டி கட்டியாக பீட் வெட்டுவது என்று எல்லாக் கூட்டு வேலைக்கும் பரவிவிட்டது. கூலி கிடையாது, இன்றைக்கு நீ என் வயலுக்கு வந்தால் நாளைக்கு நான் உன் வயலுக்கு வருவேன், சாப்பாடு மட்டும் வயல்காரர் வீட்டில். வேருக்கு 'அறு' என்று பொருள்: லத்தீனில் அறுப்பது 'மெதெரே', வேல்ஸ் நாட்டு மொழியான வெல்ஷில் அறுவடைக் கூட்டம் 'மெடெல்', அங்கே செப்டம்பர் மாதத்துக்குப் பெயரே 'மெடி', அதாவது அறுப்பு! இன்றைக்கு அயர்லாந்து அரசின் குழந்தைகள் நல அமைப்பான துஸ்லா, ஒரு குடும்பத்துக்குப் பலர் சேர்ந்து கைகொடுக்கும் தன் திட்டத்துக்கு இதே பெயரை வைத்திருக்கிறது.

சரி, இலக்கணம். இது பெண்பால் சொல். தனியாக நின்றால் 'மெஹல்'. 'அந்த' என்று சுட்டும் 'அன்' முன்னால் வந்தால் 'அன் வெஹல்', மகரம் வகரமாகிவிடும். தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல, அடியில் இருப்பது புணர்ச்சிதான். பெண்பால் சொல்லுக்கு முன் வரும் அந்த 'அன்' ஒரு காலத்தில் உயிரெழுத்தில் முடிந்தது, இரண்டு உயிருக்கு நடுவில் அகப்பட்ட மகரம் மெலிந்தது. பிறகு அந்த உயிர் தேய்ந்து மறைந்துவிட்டது, மெலிவு மட்டும் தங்கிவிட்டது, அதனால் ஒலி மாற்றமாகத் தொடங்கியது இன்று பெண்பாலைக் காட்டும் இலக்கண அடையாளமாகவே ஆகிவிட்டது. சொல்லின் நடுவில் இருந்த தகரம் ஹகரமானதும் இதே மெலிவின் தொடர்ச்சிதான், எழுத்துக்கூட்டலில் அந்தப் பழைய தகரம் இன்னும் தெரியும்.

'அந்தக் கூட்டத்தினுடைய' என்று ஆறாம் வேற்றுமையில் சொல்ல வேண்டுமானால் 'அன்' என்பது 'நா' ஆகி, 'நா மெஹ்லெ'. இங்கே மகரம் அசையவே இல்லை பாருங்கள். அந்த 'நா' முன்பு ஸகர மெய்யில் முடிந்தது, அந்த மெய் குறுக்கே நின்றதால் மகரம் தப்பித்தது.