மக டிபேட் டீம்ல சேரட்டுமான்னு கேட்ட அக்காவுக்கு

அக்கா, நீங்க அனுப்பின வொய்ஸ் மெசேஜ ரெண்டு தரம் கேட்டேன். மக பத்தாம் ஆண்டு, ஸ்கூல் விவாத அணிக்கு எடுத்திருக்காங்க, அவங்க அப்பா வேணாங்கிறார், அடுத்த வருஷம் பதினொண்ணுல ஓ.எல். பொதுப் பரீட்சை, அது போதாதுன்னு பக்கத்து லயத்து வீடுகள்ல "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த வாய்"னு வேற பேச்சு. அந்தக் கடைசி விசயத்துக்கு நான் ஒண்ணும் சொல்லல, சொன்னா சண்டைதான் வரும்.

ஒண்ண மட்டும் மொதல்லயே சொல்லிடுறேன், டிபேட்ல கப் எடுத்தா லோ, அதாவது சட்டம் படிக்க கெம்பஸ் (பல்கலைக்கழகம்) கிடைச்சிரும்னு யாராச்சும் ஆசை காட்டினா நம்பாதீங்க. கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம், எங்க லோ படிக்கப் போனாலும் ஏ.எல்., அதாவது உயர்தரப் பரீட்சையில வர்ற இசட் ஸ்கோர்ங்கிற புள்ளிதான் பேசும், கல்வி வலயப் போட்டியில எடுத்த சர்டிபிகேட்ட காட்டி அத ஒரு புள்ளி கூட ஏத்த ஏலாது. சட்டக் கல்லூரின்னா அதுக்கு தனியா நுழைவுப் பரீட்சை எழுதணும். அதனால ஓ.எல்.ல கணக்கு காலை வாராம பாத்துக்கிறதுதான் முதல் வேலை, அதுல அப்பா சொல்றது சரி.

அப்புறம் எதுக்கு சேரணும்? என்கிட்ட வர்ற புள்ளைங்கள்ல நல்ல ரிசல்ட் வச்சிருக்கிறவங்களே இன்டர்வியூன்னு உக்காந்தா தரையப் பாத்துக்கிட்டு "ஆமா சேர், இல்ல சேர்"னு ரெண்டு வார்த்தையோட நிக்குதுங்க, பதில் தெரியும், வாய்க்கு வராது. பாங்க், டீச்சிங், கவர்மென்ட் வேலை எதுக்குப் போனாலும் ஒரு நாள் அந்த மேசைக்கு முன்னால உக்காரத்தான் வேணும். அதுக்கு கடைசி வாரத்துல ஆயிரக்கணக்குல காசு கட்டி கிளாஸ் போறதுல எனக்கு நம்பிக்கையே இல்ல.

பேச்சுப் போட்டியும் விவாதமும் ஒண்ணில்ல அக்கா. பேச்சுன்னா டீச்சர் எழுதிக் குடுத்தத மனப்பாடம் பண்ணி கைய ஆட்டி சொல்லிட்டு வந்துரலாம். விவாதத்துல எதிர்ப்பக்கம் என்ன சொல்லுதுன்னு காது குடுத்து கேட்டு அந்த நிமிஷமே பதில் யோசிக்கணும், சில நேரம் தனக்குப் புடிக்காத பக்கத்துக்கே பேச வேண்டி வரும், மூளை வேலை செய்யிறது அங்கதான். இங்கிலீஷ்ல வேர்ல்ட் ஸ்கூல்ஸ்னு ஒரு முறை இருக்கு, பக்கத்துக்கு மூணு பேர், ஆளுக்கு 8 நிமிஷம், முதல் நிமிஷமும் கடைசி நிமிஷமும் தவிர நடுவுல எதிராளி எழும்பி கேள்வி போடலாம். அதெல்லாம் பொறவு பாத்துக்கலாம், இப்ப ஸ்கூல்களுக்கு நடக்குற தமிழ்த் தினப் போட்டிக்கு தமிழ்ல தயாரானா போதும்.

காலம்னு பாத்தா பத்தாம் ஆண்டுதான் சரி. பதினொண்ணுல ரெண்டாம் தவணையோட நிறுத்திட்டு ஏ.எல். போனதும் திரும்ப சேரட்டும், டீச்சர்கிட்டயும் அத இப்பவே சொல்லி வைங்க, இல்லாட்டி நல்லா பேசுற புள்ளைய விட மாட்டாங்க.

உங்க உண்மையான பயம் பஸ்தான்னு எனக்கு விளங்குது. ஸ்கூல் விட்டு பிராக்டிஸ் முடிய எத்தனை மணியாகும், தோட்டத்துக்கு வர்ற கடைசி பஸ்ஸ புடிக்க ஏலுமா, வெளியூர் போட்டிக்குப் போனா கூட எந்த மிஸ் வர்றாங்க, இந்த மூணையும் நேர்ல போய் கேளுங்க. பதில் சரியில்லாட்டி சேக்காதீங்க, நானே அதத்தான் சொல்லுவேன்.

வீட்டுல செலவு பெருசா இல்ல, ஞாயித்துக்கிழமை பேப்பர் ஒண்ணு வாங்கினா போதும். தலைப்புக்கு விசயம் தேடி எங்கயும் அலைய வேண்டியதும் இல்ல. 2021ல தோட்டத் தொழிலாளிக்கு நாள் சம்பளம் 1000 ரூபான்னு அரசாங்க கெசட்ல வந்துச்சே, அது கைக்கு எப்படி வந்துச்சு, பறிச்ச கொழுந்து கிலோ குறைஞ்சா அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம் எப்படிப் போடுறாங்கன்னு டவுன் புள்ளைங்க பேப்பர்லதான் படிச்சிருக்கும். உங்க மக உங்ககிட்டயே கேக்கலாம், கேட்டா கொழுந்து நிறுக்கிறதுல இருந்து எல்லாத்தையும் சொல்லுங்க, எழுதிக்கட்டும்.