புதன்கிழமை இரண்டு மணி

கடிதம்

வணக்கம் சேர்,

திருகோணமலையில் ஓர் உயர்கல்வி நிறுவனத்தில் தற்காலிக விரிவுரையாளராக இருக்கிறேன். முதலாம் வருடப் பிள்ளைகள் 35 பேருக்குக் கல்வி ஆலோசகர் என்று போன மாதம் என்னைப் போட்டுவிட்டார்கள். ஒவ்வொரு புதனும் பின்னேரம் இரண்டு மணிக்குக் கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்கிறேன். இதுவரை வந்தது நாலு பேர். மூதூரிலிருந்து வருகிற ஒரு மாணவன் இரண்டு பாடங்களில் தவறிவிட்டான். நானே கூப்பிட்டு விசாரித்தேன். "இனி நல்லாப் படிக்கிறன் மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். நான் உளவியல் படித்தவள் இல்லை. இந்த வேலைக்கு நான் பொருத்தம்தானா?

ஒரு வாசகி, உப்புவெளி

பதில்

அன்புள்ள தங்கைக்கு,

நாலு பேர் வந்ததே பெரிய விஷயம். என் முதல் வருடத்தில் ஒரேயொருவர்தான் வந்தார். அவரும் அறை மாறி வந்தவர்.

உளவியல் இருக்கட்டும். உங்கள் நிறுவனத்தின் பரீட்சை விதிகளை முழுதாக வாசித்திருக்கிறீர்களா? நான் வாசிக்காமல்தான் அந்தக் கதிரையில் உட்கார்ந்தேன். பரீட்சை நேரத்தில் டெங்கு வந்து ஒரு பாடம் எழுதாமல் விட்ட கிண்ணியாப் பையன் ஒருவன் என்னிடம் வந்தான். "உடம்பைப் பாரும், அடுத்த முறை எழுதலாம்" என்று அன்பாகச் சொல்லி அனுப்பினேன். மெடிக்கலை, அதாவது மருத்துவச் சான்றிதழை, உரிய நாளுக்குள் கொடுக்கச் சொல்லவில்லை. கொடுத்து ஏற்கப்பட்டிருந்தால் அடுத்த முறை எழுதுவது முதல் தடவையாகவே கணக்கு. கொடுக்காததால் ரிப்பீட் ஆகிவிட்டது. ரிப்பீட்டில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் சி-க்கு மேல் போடமாட்டார்கள், பெரும்பாலான இடங்களில் விதி அப்படித்தான். அவன் ஏ எடுக்கக்கூடிய பிள்ளை. கடைசியில் அவனுடைய ஜி.பி.ஏ., அதாவது எல்லாப் பாடங்களுக்குமான சராசரிப் புள்ளி, 2.95. இரண்டாம் வகுப்புக்கு 3.00 வேண்டும். மொத்தம் 90 கிரெடிட். அந்த மூன்று கிரெடிட் பாடத்தில் சி-க்குப் பதில் ஏ வந்திருந்தால் மூன்றைத் தாண்டியிருப்பான். கணக்குப் போட்டுப் பார்த்த அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் என்னிடம் கோபிக்கக்கூட இல்லை, அவனுக்கும் விதி தெரியாதே.

சரி, உங்கள் மூதூர்ப் பையனுக்கு வருவோம். "இனி நல்லாப் படிக்கிறன்" என்பது அறையை விட்டுத் தப்புவதற்குப் பிள்ளைகள் சொல்லும் வசனம். நானும் என் காலத்தில் சொல்லியிருக்கிறேன். "ஏன் விழுந்தனீர்?" என்று கேட்டால் அதுதான் வரும். "காலையில எத்தினை மணிக்கு வீட்டிலிருந்து வெளிக்கிடுறீர்?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் விரிவுரை தவறுகிறதா, 80 வீத வரவு இருக்கிறதா, மகாபொல உதவித்தொகை கைக்கு வந்துவிட்டதா, மாரியில் வீட்டு நிலைமை எப்படி என்று எல்லாம் அந்த ஒரு கேள்விக்குப் பின்னாலேயே வரும். அப்புறம், விழுந்த இரண்டு பாடங்களின் விரிவுரைக் குறிப்பையும் கொண்டுவரச் சொல்லுங்கள். உயர்தரம் வரை தமிழில் படித்த பிள்ளை திடீரென்று ஆங்கிலத்தில் கேட்டு, ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கிறது. பாடம் விளங்கவில்லையா, மொழி விளங்கவில்லையா என்பது குறிப்பைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மொழிதான் என்றால் சீனியர் ஒருவரைப் பிடித்துக் குப்பி, அதாவது பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு, ஒழுங்கு செய்துகொடுங்கள். நாம் மூன்று மணித்தியாலம் கத்தியும் ஏறாதது அங்கே அரை மணித்தியாலத்தில் ஏறிவிடும். விரிவுரையாளர்களுக்கு இதை ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் கசக்கும்.

நித்திரை இல்லை, வாழவே பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால் மட்டும் நீங்களே சமாளிக்கப் பார்க்காதீர்கள். நிறுவனத்தின் உளவள ஆலோசகரிடம் கூடவே நடந்து போய் விட்டுவிட்டு வாருங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையும் மேசையில் எழுதி ஒட்டிவையுங்கள்.

இன்னொன்று. புதன் பின்னேரம் இரண்டு மணி யாருக்கு வசதி? மூதூருக்கும் குச்சவெளிக்கும் போகிற பிள்ளைகள் அந்த நேரம் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு விரிவுரைகளுக்கு இடையில், கன்ரீன் பக்கமாக ஒரு மேசையைப் போட்டுப் பாருங்கள். தேநீர்ச் செலவு உங்களுடையது.