லைக் வருகிறது, ஓடர் வரவில்லை: கைவினை நகையை இணையத்தில் விற்பது எப்படி?

கேள்வி: கோப்பாயில் வீட்டிலிருந்தே பட்டுநூல் காப்பு, சுடுமண் தோடு, அட்டியல் செய்து விற்கிறேன். முகநூலிலும் இன்ஸ்டகிராமிலும் படம் போட்டால் லைக் நிறைய வருகிறது, "வடிவா இருக்கு" என்றும் எழுதுகிறார்கள். ஓடர் மட்டும் மாதத்தில் மூன்று நான்குதான். இரண்டு தடவை காசு கட்டிப் பதிவைப் பூஸ்ட் பண்ணியும் பலனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் வேலைப்பாடு பிடித்திருக்கிறது என்பதற்கு அந்த லைக்குகளே சாட்சி. குறை பெரும்பாலும் பதிவில்தான் இருக்கும். "விலைக்கு இன்பொக்ஸ் வரவும்" என்று எழுதுபவராக இருந்தால் அதை இன்றோடு நிறுத்துங்கள். ஆயிரமா ஐயாயிரமா என்று தெரியாதவர், விலை கேட்டுவிட்டு வாங்காமல் போகக் கூச்சப்பட்டுப் பேசாமலே விட்டுவிடுவார். யாழ்ப்பாணத்தில் கேட்பவருக்கும் விற்பவருக்கும் பொதுவாக ஒரு சொந்தமாவது இருக்கும். கூச்சம் இன்னும் கூடும். விலை, அளவு, எடை, செய்து முடிக்க எத்தனை நாள், கூரியர் செலவு சேர்ந்ததா இல்லையா: இந்த ஐந்தும் ஒவ்வொரு பதிவிலும் இருக்கட்டும். சுடுமண் தோட்டுக்கு எடை மிக முக்கியம். சமையலறைத் தராசில் நிறுத்து எழுதுங்கள். ஒரு காதுக்கு 10 கிராமைத் தாண்டினால் பலருக்கும் பாரமாக இருக்கும்.

காப்பு அளவில்தான் அதிகச் சிக்கல் வரும். 2.4 என்பது தசமக் கணக்கு இல்லை. 2 அங்குலமும், ஓர் அங்குலத்தின் 16இல் 4 பங்கும். அதாவது உள்விட்டம் ஏறத்தாழ 57 மில்லிமீற்றர். 2.6 என்றால் 60, 2.8 என்றால் 63.5, 2.10 என்றால் 67 மில்லிமீற்றர். 2.10 ஆனது 2.8ஐ விடப் பெரியது என்பது கனடாவிலோ லண்டனிலோ வளர்ந்த பிள்ளைக்குத் தெரிய வாய்ப்பில்லை. ஆகவே, "உங்களுக்குச் சரியாக இருக்கும் காப்பொன்றை அடிமட்டத்தின் மேல் வைத்து, உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புவரை அளந்து படம் அனுப்புங்கள்" என்ற வரியை வட்ஸ்அப் பிஸ்னஸில் விரைவுப் பதிலாகச் சேமித்து வையுங்கள். நூல் சுற்றியதும் உள்விட்டம் சற்றுக் குறையும் என்பதால், வெறும் வளையத்தின் அளவைச் சொல்லாமல் சுற்றி முடித்த காப்பை அளந்து சொல்லுங்கள்.

அடுத்தது நிறம். இரவில் மஞ்சள் மின்குமிழின் கீழ் எடுத்த படத்தில் அரக்கு சிவப்பாகிவிடும், மயில்நீலம் பச்சைக்குப் போய்விடும். பெட்டி கைக்குப் போனதும் "படத்தில் வேறு நிறம்" என்று திரும்பி வரும். காலை வெயில் நேரே விழாத யன்னலோரம், வெள்ளைத் தாள், மறுபக்கம் நிழலை வெளிச்சமாக்க இன்னொரு வெள்ளை அட்டை: இவ்வளவும் போதும். பில்டர் எதுவும் வேண்டாம். போனை நகைக்கு மிகக் கிட்டக் கொண்டுபோனால் காப்பு வளைந்து தெரியும்; சற்றுப் பின்னால் நின்று இரண்டு மடங்கு ஸூம் செய்து எடுங்கள். ஒரு படமாவது காதிலோ கையிலோ போட்டபடி இருக்க வேண்டும். சேலைக்குப் பொருத்தமாகக் கேட்பவரிடம் சட்டைத் துணியில் ஒரு துண்டு வாங்குவதுதான் நிச்சயமான வழி. தூரத்தில் இருப்பவர் சேலையை வெள்ளைத் தாளோடு பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பட்டும். நீங்களும் அதேபோல நூல்கட்டைகளைப் படமெடுத்து அனுப்பி, "இந்த நிறம் சரி" என்று எழுத்தில் வாங்கிய பிறகே சுற்றத் தொடங்குங்கள்.

ரீல்ஸ் எனும் குட்டி வீடியோ 15 முதல் 20 வினாடி போதும். முடிந்த நகையை முதல் இரண்டு வினாடியில் காட்டிவிட்டு, பிறகு கை நூல் சுற்றுவதைக் காட்டுங்கள். பிஸ்னஸ் கணக்குக்குச் சினிமாப் பாட்டுகள் பல கிடைப்பதில்லை. உரிமையில்லாமல் சேர்த்தால் ஒலி அடைக்கப்படலாம்.

எங்கள் ஊரில் நகை விற்பது சடங்குகளோடு சேர்ந்த விசயம். சாமத்தியவீட்டுக்குப் பிள்ளைக்கு, தாய்க்கு, தோழிப் பிள்ளைகளுக்கு என்று ஒரே நிறத்தில் செட்டாகப் போட்டுப் பாருங்கள். தனித்தனியாக விற்பதை விட ஓடரின் பெறுமதி பல மடங்காகும். ஆடியில் கலியாணம் குறைவு என்று சும்மா இருக்க வேண்டாம், ஆவணிக் கலியாணத்துக்கான ஓடரை எடுக்கும் மாதம் அதுதான். நல்லூர்க் கொடியேற்றம் ஆடி அமாவாசைக்குப் பின் ஆறாம் நாள். திருவிழா 25 நாள். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே ஓடர் கொடுக்கும்படி ஆனி மாதத்திலேயே பதிவுகளைத் தொடங்குங்கள். அவர்கள் வந்து கையோடு எடுத்துப் போனால், நகையின் விலையையே விழுங்கும் வெளிநாட்டு அனுப்புச் செலவு மிச்சம்.

இதைவிட வேகமாகப் பலன் தருவது மணப்பெண் அலங்காரம் செய்பவர்களும் தையல் கடைக்காரர்களும். இரண்டு மூன்று செட்டை அவர்களிடம் இரவலாகக் கொடுங்கள். மணப்பெண்ணின் படத்தைப் போடும்போது உங்கள் பக்கத்தையும் டாக் செய்யச் சொல்லுங்கள். அந்தப் படத்தைப் பார்ப்பவர்களில் அடுத்த விசேசத்துக்கு ஆயத்தமாகும் குடும்பங்களும் இருக்கும்.

பணம் வாங்குவதில் கண்டிப்பு வேண்டும். தயாராக இருக்கும் நகையைக் கூரியரில் கொடுத்து வாசலில் காசு வாங்கலாம். நிறம் சொல்லிச் செய்விப்பதற்குப் பாதி முற்பணம் வாங்காமல் நூலைத் தொடாதீர்கள். திரும்பி வந்தால் அந்த நிறத்தை வேறொருவருக்கு விற்பது கடினம், கூரியர் செலவும் உங்கள் தலையில்தான். வங்கிச் சிட்டையின் படத்தை நம்பி அனுப்பாதீர்கள். அதைத் திருத்துவது எளிது. கணக்கில் காசு விழுந்ததைப் பார்த்தபின் அனுப்புங்கள்.

விளம்பரத்துக்குக் காசு செலவழிப்பது இவையெல்லாம் சரியானபின். பூஸ்ட் பண்ணும்போது நோக்கமாக 'ஈடுபாடு' இருந்திருந்தால், லைக் போடும் பழக்கமுள்ளவர்களைத் தேடித்தான் முகநூல் காட்டியிருக்கும். 'செய்திகள்' என்பதைத் தேர்ந்து வட்ஸ்அப்போடு இணையுங்கள். இடம் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, வவுனியா என்று இருக்கட்டும். மொழியைத் தமிழ் என்று கட்டுப்படுத்த வேண்டாம். போனை ஆங்கிலத்தில் வைத்திருப்பவர்கள் தவறிவிடக்கூடும். புதுப் படம் எதற்கும் காசு போடாமல், ஏற்கெனவே ஆட்கள் விலை பேசிய பதிவுக்கே போடுங்கள். நாளுக்கு 1,000 ரூபாய்ப்படி ஐந்து நாள் ஓடவிட்டு, வந்த செய்திகளையும் ஓடர்களையும் கொப்பியில் எழுதுங்கள். 5,000 ரூபாய்க்கு 25 செய்தியும் 5 ஓடரும் வந்தால் ஓர் ஓடருக்கு 1,000 ரூபாய் செலவு. நூல், வளையம், பெட்டி, உங்கள் கூலி எல்லாம் கழித்து ஒரு செட்டில் 800 ரூபாய்தான் மிஞ்சுகிறது என்றால் அந்த விளம்பரத்தை நிறுத்திவிட்டு, செட்டின் விலையையோ படத்தையோ மாற்றியபின் மறுபடி போடுங்கள்.