'லெ'யா, 'லா'வா: பிரெஞ்சுச் சொற்களின் பாலை மனதில் பதிப்பது எப்படி?

கேள்வி: பிரெஞ்சு படித்து வருகிறேன். ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் அதன் முன்னால் வரும் 'லெ' (ஆண்பால்), 'லா' (பெண்பால்) சேர்த்தே மனப்பாடம் செய்கிறேன். இருந்தும் பேசும்போது பால் மாறிவிடுகிறது. விதி ஏதும் உண்டா?

பதில்: 'லெ', 'லா' சேர்த்துப் படிப்பதிலேயே ஓர் ஓட்டை இருக்கிறது. சொல் உயிரொலியில் தொடங்கினால் இரண்டும் வெறும் 'ல்' ஆகிவிடும். மரம் 'லார்ப்ர்', பள்ளி 'லேகோல்'. எது எந்தப் பால் என்று காதுக்குத் தெரியாது. 'ஒரு' என்று பொருள்படும் 'அன்' (ஆண்பால்), 'யூன்' (பெண்பால்) சேர்த்துப் படியுங்கள். 'அன்னார்ப்ர்' ஆண்பால், 'யூனேகோல்' பெண்பால்.

கூடவே, பாலுக்கேற்ப ஒலி மாறும் ஒரு பெயரடையைப் பின்னால் ஒட்டுங்கள். பச்சைக்கு ஆண்பாலில் 'வெர்', பெண்பாலில் 'வெர்த்': 'அன்னார்ப்ர் வெர்', 'யூனேகோல் வெர்த்'. பள்ளி ஏன் பச்சை என்று கேட்காதீர்கள். நமக்கு வேண்டியது அந்தக் கடைசி 'த்'தான். சிவப்பு உதவாது, 'ரூஜ்' இரு பாலுக்கும் ஒன்றே. சொல்லுக்கு முன்னால் வரும் 'பெத்தி' (சிறிய) போன்றவையும் இங்கே காலை வாரும்: தனியே 'பெத்தி', 'பெத்தித்' என்று வேறுபட்டாலும், அடுத்து உயிரொலி வந்தால் ஆண்பாலிலும் 'த்' ஒலித்துவிடும். 'என்' என்பதற்கு ஆண்பாலில் 'மோன்', பெண்பாலில் 'மா'. ஆனால் 'என் பள்ளி' 'மோனேகோல்'. அந்த 'மோன்' உயிரொலிக்காக வந்தது, அதை வைத்துப் பள்ளியை ஆண்பாலில் சேர்த்துவிடாதீர்கள்.

விதி என்றால், பொருளை விட்டுவிட்டு ஈற்றைப் பாருங்கள். ஆளைக் குறிக்கும் 'பெர்ஸோன்'கூட, அந்த ஆள் ஆணாக இருந்தாலும் பெண்பால்தான். 'ஸியோன்' என்று முடிந்தால் ஏறக்குறைய எப்போதும் பெண்பால் (நாஸியோன்). வெறும் 'யோன்' மட்டும் கேட்டால் நம்ப வேண்டாம்: விமானம் 'ஆவியோன்', லாரி 'காமியோன்', இரண்டும் ஆண்பால். 'ஆஜ்' ஈறு ஆண்பால் (விலாஜ், வுவாயாஜ்). மீறுபவை பெரும்பாலும் குட்டிச் சொற்கள்: பாஜ் (பக்கம்), ப்ளாஜ் (கடற்கரை), காஜ் (கூண்டு), இமாஜ் (படம்). இவற்றைத் தனியே உருப்போட்டே ஆகவேண்டும். 'இஸ்ம்' ஆண்பால். எழுத்தில் கடைசியாக ஒலிக்காத 'எ' இருந்தால் பெண்பால் என்று சொல்வார்கள். அது பாதி உண்மைதான். ப்ரொப்ளேம், ஸிஸ்தேம், லீவ்ர் (புத்தகம்) எல்லாம் அந்த எழுத்தில் முடியும் ஆண்பால் சொற்கள்.

பயிற்சியின்போது தமிழ்ப் பொருளை மட்டும் பார்த்து, முழுத் தொடரையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். தவறினால் 'அன்'னை 'யூன்' என்று திருத்துவதோடு விடாமல், பெயரடை வரை தொடரை மறுபடி சொல்லுங்கள்.