45 குதிரைத்திறன் போதாதா? வாடகை உழவில் காசு கசியும் இடங்கள்

கேள்வி: என்னிடம் 45 குதிரைத்திறன் டிராக்டர் இருக்கிறது, பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வகை. ஐந்து வருடத்தில் சுமார் 2,000 மணி நேரம் ஓடியிருக்கிறது. ஒன்பது கொழு கலப்பையும் ஐந்தடி ரோட்டவேட்டரும் உண்டு. சொந்த நிலத்து வேலை போக, அக்கம்பக்கத்தில் மணிக்கணக்கில் வாடகைக்கு ஓட்டுகிறேன். சீசனில் காசு புரள்கிறது, முடிந்ததும் பார்த்தால் ஒன்றும் நிற்பதில்லை. டீசலும் அதிகம் குடிக்கிறது. 60 குதிரைத்திறன் வண்டிக்கு மாறினால் சரியாகுமா? இன்னொன்று: மாடல் டிராக்டர் சேர்க்கும் பழக்கமும் எனக்கு உண்டு. பழைய ஃபெர்குசன் டைகாஸ்ட் (உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்த) மாடல் ஒன்றில் மெல்லிய விரிசல்கள் வந்திருக்கின்றன. ஒட்டிவிடலாமா?

பதில்: இப்போதைக்குப் பெரிய வண்டி வேண்டாம். உங்களிடம் உள்ள இரண்டு கருவிகளுக்கும் 45 குதிரைத்திறன் பொருத்தமானதுதான். வாடகை வேலையில் பணம் நிற்காதபோது முதலில் இன்ஜின் மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம் வருகிறது. பெரும்பாலும் கசிவு டயரிலும் கணக்கு நோட்டிலும்தான் இருக்கும்.

டீசலில் தொடங்குவோம். “அதிகம் குடிக்கிறது” என்பதை லிட்டராக மாற்றினால்தான் பேச முடியும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி டேங்கை வாய்மட்டம் நிரப்புங்கள். அளந்து வைத்த ஒரு ஏக்கரை ஓட்டிவிட்டு, அதே இடத்தில் நிறுத்தி, அளவு ஜாடியால் மறுபடி வாய்மட்டம் ஊற்றுங்கள். எத்தனை லிட்டர், எத்தனை நிமிடம், எந்தக் கருவி என்ற மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நல்ல டீசல் இன்ஜின் ஒரு கிலோவாட்-மணி வேலைக்கு ஏறக்குறைய 0.3 லிட்டர் எரிக்கும். 45 குதிரைத்திறன் என்பது சுமார் 33 கிலோவாட். ஆக முழுச் சுமையில் மணிக்கு 10 லிட்டர் வரை போகலாம். ஆனால் வயல் வேலையில் இன்ஜின் மணிக்கணக்காக முழுச் சுமையில் இருப்பதில்லை, சராசரியாக 5 முதல் 7 லிட்டர் என்று வந்தால் இயல்பு. இலேசான வேலையிலேயே 9, 10 என்று காட்டினால் இன்ஜெக்டர், ஏர் ஃபில்டர், பம்ப் ஆகியவற்றை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். மணிக்கணக்கு சரியாக இருந்து ஏக்கர் கணக்கு மட்டும் உதைத்தால், வண்டி எரிக்கும் டீசல் நிலத்தில் வேலையாக மாறவில்லை என்று அர்த்தம்.

ஒரு மணி நேரத்தில் எவ்வளவு ஓட வேண்டும் என்பதற்கு எளிய சூத்திரம் உண்டு. கருவியின் அகலத்தை மீட்டரிலும் வேகத்தை கிலோமீட்டரிலும் எடுத்துப் பெருக்கி, திருப்பங்களில் போகும் நேரத்துக்குக் கழிவு போட்டு, 10ஆல் வகுத்தால் ஹெக்டேர் வரும். ஒன்பது கொழு கலப்பைக்கு அகலம் 2 மீட்டர், வேகம் 5 கி.மீ., கழிவு போக முக்கால் பங்கு பயன் என்று வைத்தால் 0.75 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 1.85 ஏக்கர். ஐந்தடி ரோட்டவேட்டர் ஒன்றரை மீட்டர் அகலத்தில் 3 கி.மீ. வேகத்தில், 80 சதவீதப் பயனுடன் ஓடினால் மணிக்கு 0.9 ஏக்கர் அளவில் வரும். உங்கள் நோட்டில் கலப்பைக்கு இதைவிட ரொம்பக் குறைவாக வந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது சக்கர வழுக்கல்.

இதை அளக்கக் கருவி எதுவும் தேவையில்லை. ஒரு சாக்பீஸும் அளவு நாடாவும் போதும். பின் டயரின் பக்கவாட்டில் ஒரு கோடு போடுங்கள். உழப்போகும் அதே வயலில், கலப்பையைத் தூக்கிய நிலையில், டயர் பத்துச் சுற்று சுற்றும் வரை ஒருவரை வண்டி ஓட்டச் சொல்லி, நீங்கள் பாதுகாப்பான தூரத்தில் பக்கவாட்டில் நடந்து எண்ணுங்கள். தொடங்கிய இடத்திலிருந்து நின்ற இடம் வரை அளந்தால் 40 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இப்போது கலப்பையை வழக்கமான ஆழத்துக்கு இறக்கி, அதே கியரில் மறுபடி பத்துச் சுற்று. இந்த முறை 30 மீட்டர்தான் வந்தது என்றால் வழுக்கல் 25 சதவீதம். நான்கு சுற்றில் ஒரு சுற்று மண்ணைச் சீய்த்ததோடு சரி. உழவுக்கு 10 முதல் 15 சதவீதம் நல்ல அளவு. 12இலிருந்து 25க்குப் போனால் அதே ஏக்கருக்கு 17 சதவீதம் கூடுதல் நேரம் ஆகும், டீசலும் டயரும் அதற்கேற்பக் கரையும். இந்த நிலையில் 60 குதிரைத்திறன் வண்டி வாங்கினால், பிடிப்பைச் சரிசெய்யாதவரை, அதுவும் இன்னும் வேகமாகச் சீய்க்கும், அவ்வளவுதான்.

அளக்க நேரமில்லாத நாளில் டயர் போன தடத்தைக் குனிந்து பாருங்கள். பட்டன், அதாவது டயரின் மேலெழும்பிய ரப்பர் பற்கள், அச்சு அச்சாகத் துல்லியமாகப் பதிந்திருந்தால் வண்டியில் எடை அதிகம். அச்சே தெரியாமல் மண் முழுக்கக் கலைந்திருந்தால் எடை குறைவு அல்லது பட்டன் தேய்ந்துவிட்டது. நடுவில் கலைந்து, இரு ஓரத்திலும் பட்டனின் நுனி மட்டும் தெரிந்தால் சரியான நிலை. வழுக்கலே இல்லாமல் இருப்பதும் நல்லதல்ல. தேவையில்லாத எடையைச் சுமந்து திரிகிறீர்கள், மண் இறுகுகிறது, கியர்பாக்ஸுக்கும் அடி.

வழுக்கலைக் குறைக்க முதலில் டயர் காற்றைப் பாருங்கள். ரோட்டுக்கு ஏற்றிய காற்றோடு அப்படியே வயலில் இறங்குவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. பெரும்பாலான பின் டயர்களுக்கு வயலில் 12 முதல் 16 பிஎஸ்ஐ போதும், ஆனால் உங்கள் டயரின் எடை அட்டவணை என்ன சொல்கிறதோ அதுதான் முடிவு. அடுத்தது எடை. வால்வு உச்சியில் வரும்படி சக்கரத்தைத் திருப்பி, வால்வு மட்டம் வரை தண்ணீர் ஏற்றினால் டயரில் முக்கால் பங்கு நிரம்பும். இல்லையென்றால் இரும்பு வெயிட் மாட்டலாம். பின்னால் எடை ஏற்றும்போது முன்பக்கத்தை மறக்காதீர்கள். கருவியைத் தூக்கிய நிலையிலும் மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் அச்சில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டீயரிங் பேச்சுக் கேட்காது.

மூன்றாவது வழிக்குச் செலவே இல்லை: டிராஃப்ட் கண்ட்ரோல் லீவர். கலப்பை வேலையிலும் இதைத் தொடாமல், கருவியை ஒரே உயரத்தில் பிடித்து வைக்கும் பொசிஷன் கண்ட்ரோலிலேயே ஓட்டுபவர்கள் ஏராளம். டிராஃப்ட் கண்ட்ரோலில், மண் இறுகி இழுவை கூடும்போது ஹைட்ராலிக் கலப்பையைக் கொஞ்சம் தூக்குகிறது, அந்தப் பாரம் பின் சக்கரத்தில் ஏறி பிடிப்பு கூடுகிறது. உங்கள் மாடலில் இருக்கும் ஃபெர்குசன் வண்டி புகழ்பெற்றதே இதனால்தான். 1946 முதல் 1956 வரை தயாரான டிஇ20 ஒரு டன்னைச் சற்றே தாண்டிய எடையும் உங்கள் வண்டியில் ஏறக்குறைய பாதிச் சக்தியும் கொண்டது. அதைக்கொண்டே கனமான வண்டிகள் செய்த உழவைச் செய்தார்கள். ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்றது.

ரோட்டவேட்டருக்கு இந்த வழுக்கல் கணக்கு பொருந்தாது. அதன் பிளேடுகள் சுழலும் திசையே வண்டியை முன்னால் தள்ளுகிறது. அங்கே பொசிஷன் கண்ட்ரோல்தான் சரி. அங்கே டீசல் போவது தேய்ந்த பிளேடிலும், தேவைக்கு மேல் பொடியாக்குவதிலும். இரண்டாவது முறை ஓட்டச் சொல்பவரிடம் ஒரு பிடி மண்ணை எடுத்துக் காட்டுங்கள். விதைப்புக்குப் போதுமான பதம் வந்த பிறகும் மாவாக்கினால், அடுத்த மழைக்கு மேல்மண் ஏடு கட்டிவிடும். இன்ஜின் சக்தியைக் கருவிக்குக் கொண்டுபோகும் பிடிஓ நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் அந்த ஷாஃப்ட் விநாடிக்கு ஒன்பது முறை சுற்றுகிறது. உறை இல்லாமல் ஓட்டாதீர்கள், தொங்கும் துணியோடு யாரையும் அருகே விடாதீர்கள். இதில் விவாதத்துக்கு இடமில்லை.

சரி, கணக்கு நோட்டுக்கு வருவோம். வண்டியின் விலையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து 10க்கு விற்கலாம் என்றால், வருடத்துக்கு 9 தேய்மானம். ஐந்து வருடத்தில் 2,000 மணி என்றால் ஆண்டுக்கு 400 மணி ஓட்டுகிறீர்கள். அந்த 9ஐ 400 மணி நேரம் சுமக்கிறது. 900 மணி ஓட்டுபவருக்கு இந்தச் சுமை மணிக்கு உங்களுடையதில் பாதிக்கும் குறைவு. அவர் வாங்கும் கூலியைப் பார்த்து நீங்களும் அதே கூலி வாங்கினால் எப்படி நிற்கும்? முதலீட்டின் வட்டியையும் சேருங்கள். ஆரம்ப விலைக்கும் கடைசி விலைக்கும் நடுவே, அதாவது 55க்கு வட்டி போட்டால் போதும். சொந்த நிலத்தில் ஓட்டிய மணி நேரத்துக்கும் இந்தக் கணக்கில் பங்கு உண்டு, அதை வாடகைத் தொழில் தலையில் கட்டாதீர்கள்.

பலருக்கும் தெரியாதது ரிப்பேர் கணக்கு. அமெரிக்க வேளாண் பொறியாளர் சங்கத்தின் அளவுகோல்படி, உங்கள் வகை வண்டியில் மொத்த ரிப்பேர் செலவு ஓடிய மணியின் வர்க்கத்தில் ஏறுகிறது, மணி இரட்டித்தால் செலவு நான்கு மடங்கு. முதல் 1,000 மணிக்கு விலையில் 0.7 சதவீதம். 2,000 மணி முடியும்போது 2.8. 4,000 மணியில் 11.2. அதாவது கடந்த ஐந்து வருடத்தில் உங்களுக்கு 2.8 தான் ஆகியிருக்க வேண்டும். இதே வேகத்தில் ஓட்டினால் அடுத்த ஐந்து வருடத்தில் 8.4 வரும், மூன்று மடங்கு. இதெல்லாம் நேரத்துக்குப் பராமரித்த வண்டிக்கான சராசரி, உங்கள் வண்டியில் முன்பின் இருக்கும். ஆனால் இன்று கையில் புரளும் காசில் ஒரு பகுதி அந்த 8.4க்குச் சொந்தம் என்பதில் மாற்றமில்லை. தனியாக எடுத்து வைக்காததால்தான் அது லாபம் போலத் தெரிந்து செலவாகிவிடுகிறது. 60 குதிரைத்திறன் வண்டி வந்தால் அடிப்படை விலையே ஏறும், மணி நேரம் அதே 400 தான். ஆண்டுக்கு 800 மணி வேலை கைவசம் உறுதியாக இருந்து, நாள் போதாமல் வேலையைத் திருப்பி அனுப்பும் நிலை வந்தால் அப்போது யோசிக்கலாம்.

தேய்மானம், வட்டி, ரிப்பேர், டீசல், ஆயில், ஓட்டுபவர் கூலி எல்லாம் சேர்த்து மணிக்கு இவ்வளவு என்று தெரிந்த பிறகு, வாடகையை ஏக்கருக்குப் பேசுவது நல்லது. மணிக்கணக்கில் பேசினால் நீங்கள் வழுக்கலைக் குறைத்து வேகமாக முடிப்பதன் பலன் முழுக்க நிலத்துக்காரருக்குப் போகிறது. இன்னொரு வில்லங்கம் மீட்டர். பழைய மெக்கானிக்கல் மணி மீட்டர் இன்ஜின் சுற்றோடு சேர்ந்து ஓடுவது. குறிப்பிட்ட சுற்றில்தான் அதன் ஒரு மணி கடிகாரத்தின் ஒரு மணி. குறைந்த சுற்றில் ஓட்டினால் மீட்டர் பின்தங்கும், உங்கள் கூலியும் பின்தங்கும்.

ஆனால் எல்லா ஏக்கரும் ஒரே ஏக்கர் அல்ல. 200 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் உள்ள நிலத்தை 2 மீட்டர் கலப்பையால் நீளவாக்கில் பத்துச் சாலில் முடிப்பீர்கள். அதே பரப்பு 63 மீட்டர் சதுரமாக இருந்தால் 32 சால். ஒரு திருப்பத்துக்கு 20 விநாடி என்றாலும் ஏக்கருக்கு ஏழு நிமிடம் கூடுதல். கோணல் வரப்பு, மரம், கல் இருக்கும் நிலத்துக்கு மட்டும் மணிக்கணக்கு, அதுவும் கடிகாரம் பார்த்து என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தொலைவில் அரை ஏக்கர் வேலைக்குக் கூப்பிட்டால் போய்வரும் நேரத்தையும் சேர்த்துக் குறைந்தபட்சத் தொகை வையுங்கள். இதைச் சொல்லக் கூச்சப்படுபவர்கள்தான் சீசன் முடிவில் கையைப் பிசைகிறார்கள்.

அப்புறம், மாடல். கீழே விழுந்து உடைந்திருந்தால் விரிசல் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். வலைபோல மெல்லிய கோடுகள், பெயின்ட் கொப்பளித்தல், பாகம் லேசாக வீங்கிக் கோணுதல் ஆகியவை தெரிந்தால் அது சேகரிப்பாளர்கள் ‘ஜிங்க் பெஸ்ட்’ என்று அழைக்கும் உள் அரிப்பு. வார்க்கும்போது துத்தநாகக் கலவையில் ஈயம் போன்றவை கலந்துவிட்டதால் வருவது. ஈரம் அதை வேகப்படுத்தும். நிறுத்த வழியில்லை. ஒட்டினால் துண்டுகள் உதிராமல் இருக்கும், வீக்கம் தொடரும். மற்ற மாடல்களுக்குத் தொற்றாது, அதனால் அலமாரியை விட்டு விலக்கத் தேவையில்லை. ஈரமில்லாத, வெப்பம் ஏறி இறங்காத, வெயில் படாத இடத்தில் வையுங்கள். மறுபெயின்ட் அடிக்காதீர்கள், இருக்கிற மதிப்பும் போய்விடும். இனி அந்தக் காலத்து டைகாஸ்ட் வாங்கும்போது அடிப்பக்கத்தையும் சக்கர அச்சுகள் பொருந்தும் இடத்தையும் நெருக்கமாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பளபளப்பான மேல்பக்கப் படம் மட்டுமே வந்தால் அடுத்ததைத் தேடுங்கள்.