கதவைத் திறக்க வருபவரை எப்படி நம்புவது?

கேள்வி: போன வாரம் ராத்திரி வீட்டுக்கு வெளியே மாட்டிக்கொண்டேன். காற்றில் கதவு படாரென்று சாத்திக்கொண்டது, சாவி உள்ளே. போனில் தேடி முதலில் வந்த எண்ணை அழைத்தேன். சின்னத் தொகைதான் சொன்னார்கள். வந்தவரோ பூட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது திறக்கவே முடியாத பூட்டு, துளை போட்டால்தான் உண்டு" என்று டிரில் மெஷினை எடுத்துவிட்டார். பூட்டு போச்சு. அவரே புதுப் பூட்டு மாட்டினார். பூட்டு விலை, வந்த கூலி, ராத்திரிக் கூலி என்று போனில் சொன்னதைப் போல நான்கு மடங்கு வாங்கிக்கொண்டார். ரசீது கேட்டேன், தரவில்லை. நான் ஏமாந்துவிட்டேனா? இனி நல்ல ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஆமாம் அம்மா, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். அதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. ராத்திரியில் வாசலில் நிற்கும்போது யாராக இருந்தாலும் கைக்கு வந்த முதல் எண்ணைத்தான் அழைப்போம். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள், அந்த அவசரத்தை முதலாக வைத்துத்தான் இந்த ஆட்கள் தொழில் நடத்துகிறார்கள்.

முதலில் ஒரு காரியம். அவர் மாட்டிவிட்டுப் போன புதுப் பூட்டின் சாவி எத்தனை, எல்லாம் உங்கள் கைக்கு வந்ததா என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியுமா? முடியாவிட்டால் நம்பகமான ஒருவரை அழைத்து அந்தப் பூட்டை மாற்றிவிடுங்கள். செலவு மேல் செலவுதான், எனக்கும் சொல்ல வருத்தமாக இருக்கிறது. ஆனால் ரசீது தர மறுத்தவர் கையில் உங்கள் வீட்டுச் சாவி ஒன்று இருக்கக்கூடும் என்ற நினைப்போடு நீங்கள் தூங்க வேண்டாம். துளை போட்ட பழைய பூட்டை எறியாதீர்கள். அதையும், பணம் கொடுத்த விவரத்தையும், அழைத்த எண்ணையும் எடுத்து வைத்து நுகர்வோர் அமைப்பில் புகார் கொடுங்கள். கார்டில் கொடுத்திருந்தால் வங்கியிடமும் சொல்லுங்கள்.

இந்த ஏமாற்று பல நாடுகளில் ஒரே மாதிரி நடக்கிறது. நீங்கள் அழைத்த எண்ணுக்குப் பின்னால் பெரும்பாலும் கடையே இருக்காது. அழைப்பை எடுப்பவர் எங்கோ உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒரு ஆளை அனுப்பிவிட்டு, வாங்கும் பணத்தில் பங்கு எடுத்துக்கொள்வார். போனில் சொல்லும் குறைந்த தொகை ஆளை உங்கள் வாசல் வரை கொண்டுவந்து நிறுத்துவதற்கு மட்டும்தான். வந்தவருக்கோ பில் ஏற ஏறத்தான் வரும்படி. பூட்டை உடைத்தால்தானே புதுப் பூட்டு விற்கலாம்?

அப்புறம், உங்கள் கதவு பூட்டியே இருக்கவில்லை, சாத்தித்தான் இருந்தது. சாவியைத் திருப்பாமல் சாத்தும்போது ஸ்பிரிங் வைத்த சரிவான நாக்கு மட்டும்தான் நிலைக்குள் போய் உட்காரும். தொழில் தெரிந்தவர் முதலில் அந்த நாக்கைப் பின்னால் தள்ளத்தான் பார்ப்பார். பல கதவுகளில் பூட்டில் கீறல்கூட விழாமல் வேலை முடிந்துவிடும். (வெளியே போகும்போது கதவைச் சாத்தினால் மட்டும் போதாது, சாவியைத் திருப்பிப் பூட்டுங்கள் என்று நான் சொல்வதற்கும் இதுதான் காரணம்.)

பூட்டியே இருந்தாலும் டிரில் கடைசி வழிதான். வீடுகளில் இருக்கும், சாவி நுழையும் உருளை (சிலிண்டர்) வைத்த பூட்டுகள் பெரும்பாலும் லைனஸ் யேல் என்ற அமெரிக்கப் பூட்டுத் தயாரிப்பாளர் 1861-ல் காப்புரிமை பெற்ற அதே தத்துவத்தில் வேலை செய்பவை. உள்ளே சின்னச் சின்னப் பின்கள் வரிசையாக நிற்கும். சரியான சாவி ஒவ்வொரு பின்னையும் அதனதன் உயரத்துக்குத் தூக்கினால்தான் சிலிண்டர் திரும்பும். ஒருமுறை எங்கள் வீட்டுக் கதவை ஒரு பெரியவர் திறந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வளைந்த தகடு ஒன்றைச் சாவித் துளையில் வைத்து ஒரு விரலால் லேசாக அழுத்திக்கொண்டார். இன்னொரு கையில் மெல்லிய கம்பி. கண் எங்கோ பார்த்தது, கவனம் முழுக்க விரல் நுனியில். 'டிக்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. ஐந்தாவது 'டிக்'கில் சிலிண்டர் திரும்பிவிட்டது. உடனே கதவைத் தள்ளிவிடாமல், எழுந்து ஒதுங்கி நின்று, "நீங்களே திறங்க" என்றார்.

பூட்டுக்குள் ஏதாவது உடைந்து சிக்கியிருந்தாலோ, உயர்பாதுகாப்பு சிலிண்டராக இருந்தாலோ சில சமயம் துளை போட்டுத்தான் ஆக வேண்டும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முயன்று பார்த்த பிறகு சொல்ல வேண்டிய பேச்சு அது. லண்டனில் பிராமா என்ற பூட்டுத் தயாரிப்பாளரின் கடை ஜன்னலில் முடிந்தால் திறந்து பார் என்று பல பத்தாண்டுகள் சவாலாக வைத்திருந்த பூட்டையே 1851-ல் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் நாள்கணக்கில் உட்கார்ந்து, மொத்தம் 51 மணி நேரத்தில் திறந்துவிட்டார். உங்கள் பூட்டைத் திறக்கவே முடியாது என்று ஒரே பார்வையில் சொன்னவரை நான் நம்பமாட்டேன்.

சரி, நல்ல ஆளை எப்படிப் பிடிப்பது? கதவு திறந்திருக்கும்போதே தேடுங்கள். பலகை மாட்டிய, ஒரே இடத்தில் பல வருடமாக இருக்கும் பூட்டு சாவிக் கடைக்குப் போய் ஒரு மாற்றுச் சாவி போட்டுக்கொள்ளுங்கள். சின்ன வேலைதான், அதிலேயே ஆளைத் தெரிந்துவிடும். வெட்டிய சாவியை மூலச் சாவியோடு சேர்த்துப் பிடித்துப் பார்க்கிறாரா? பிசிறை அரத்தால் எடுக்கிறாரா? "திரும்பாவிட்டால் கொண்டு வாருங்கள்" என்கிறாரா? தச்சரிடமும் குடியிருப்பின் காவலாளியிடமும் விசாரியுங்கள், அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த எண்ணைப் போனில் மட்டும் வைக்காமல் பக்கத்து வீட்டிலும் எழுதிக் கொடுங்கள். கதவு சாத்திக்கொள்ளும் அன்றைக்குப் போனும் உள்ளேயே இருக்கலாம்.

அழைக்கும்போது கடையின் முழுப் பெயர், முகவரி, வரப்போகிறவர் பெயர், வந்து போகும் கூலி சேர்த்து மொத்தம் எவ்வளவு, பூட்டைக் கெடுக்காமல் திறப்பாரா என்று கேளுங்கள். "வந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்" என்பது நியாயமான பதில்தான், ஆனால் குறைந்தபட்சம் இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்றாவது சொல்ல வேண்டும். வந்த பிறகு, கருவி பூட்டில் படுவதற்கு முன்பே தொகையைப் பேசி முடித்துவிடுங்கள். வாசலில் வந்து தொகையை ஏற்றினால் திருப்பி அனுப்பத் தயங்காதீர்கள்.

நான் பெரிதாக நினைப்பது வேறு ஒன்று. இது உங்கள் வீடுதானா என்று அவர் உங்களைக் கேட்க வேண்டும். அடையாள அட்டை கேட்பார், அது உள்ளே இருந்தால் பக்கத்து வீட்டாரைக் கேட்பார், அல்லது திறந்ததும் காட்டச் சொல்வார். என்னைச் சந்தேகப்படுகிறாரே என்று கோபப்படாதீர்கள். எதுவும் கேட்காமல் உங்களுக்குத் திறப்பவர், நாளை உங்கள் வீட்டை வேறொருவருக்கும் அப்படியே திறந்துவிடுவார்.

கேள்வி: புது வீட்டுக்குக் குடிபோகிறோம். எல்லாப் பூட்டையும் மாற்ற வேண்டுமா?

பதில்: பழைய சாவிகள் எத்தனை பேரிடம் இருக்கின்றன என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால் ஏதாவது செய்தே ஆக வேண்டும். ஆனால் பூட்டு நல்ல நிலையில் இருந்தால் முழுசாக மாற்ற வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் பின்களை மட்டும் மாற்றிப் புதுச் சாவி போட்டுத் தருவார்கள், பழைய சாவி அதில் திரும்பாது. பின்களுக்குப் பதிலாக லீவர் என்னும் தகடுகள் வைத்த பூட்டிலும் அந்தத் தகடுகளை மாற்றி அமைக்கலாம். செலவு பெரும்பாலும் குறைவாகவே வரும். இந்த வழியைச் சொல்லாமல் எடுத்த எடுப்பில் புதுப் பூட்டு விற்கப் பார்ப்பவரிடம் ஜாக்கிரதை. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாற்றுச் சாவி போடக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம், கூடவே நின்று வாங்கி வாருங்கள். சாவியோடு முகவரி எழுதிய அட்டை எதுவும் இருக்கக் கூடாது. சாவியைப் படம் எடுத்து இணையத்தில் போடவும் வேண்டாம். படத்தை மட்டும் வைத்துச் சாவியின் வெட்டுகளைக் கணக்கிட முடியும் என்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள் 2008-லேயே காட்டிவிட்டார்கள். கள்ளச்சாவிக்கு இன்று மூலச் சாவி கையில் இருக்க வேண்டியதில்லை.

கேள்வி: சாவி பூட்டுக்குள்ளேயே உடைந்துவிட்டது. என்ன செய்ய?

பதில்: இன்னொரு சாவியை விட்டுக் குத்தாதீர்கள், துண்டு இன்னும் உள்ளே போய்விடும். பசை வைத்து இழுப்பதும் வேண்டாம். நுனி வெளியே தெரிந்தால் மெல்லிய மூக்குக் குறடால் நேராக இழுத்துப் பாருங்கள். தெரியாவிட்டால் பூட்டுக்காரரை அழையுங்கள், அவரிடம் இதற்கென்றே கொக்கிக் கம்பி இருக்கும். இனி பூட்டு இறுகினால் கையில் கிடைத்த எண்ணெயை ஊற்றாமல் கிராஃபைட் பொடி போடுங்கள். எண்ணெயில் தூசி ஒட்டித்தான் பல பூட்டுகள் இறுகிப்போகின்றன.

கேள்வி: கார் சாவி தொலைந்துவிட்டது. வெளியே செய்யலாமா, கம்பெனியில்தான் செய்ய வேண்டுமா?

பதில்: வெளியேயும் செய்யலாம். ஆனால் இன்றைய கார் சாவிகள் பலவற்றின் தலைக்குள் ஒரு சிப் இருக்கிறது. உலோகத்தை அச்சாக வெட்டிக் கொடுத்தாலும் சிப் ஒத்துப்போகாவிட்டால் கதவு திறக்கும், எஞ்சின் ஓடாது. அதனால் உங்கள் மாடலுக்குச் சிப் பதிவு செய்யும் கருவி இருக்கிறதா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். இரண்டு இடத்திலும் செலவைக் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கே செய்தாலும், தொலைந்த சாவியின் பதிவை வண்டியிலிருந்து நீக்கச் சொல்லி, உங்கள் கண் எதிரிலேயே செய்து வாங்குங்கள். நீக்காவிட்டால் அந்தச் சாவியைக் கண்டெடுத்தவர் கையிலும் உங்கள் வண்டி ஓடும்.