ஸ்டார்ட்அப்களுக்கு இலவச லைசென்ஸ்: சேரலாமா?

கேள்வி: கோவையில் மூன்று பேர் சேர்ந்து சாப்ட்வேர் கம்பெனி தொடங்கியிருக்கிறோம். திருப்பூர் பனியன் யூனிட்டுகளுக்கு ஜாப் ஒர்க் கணக்கு பார்க்கும் சாப்ட்வேர் எழுதுகிறோம். பெரிய நிறுவனங்கள் ஸ்டார்ட்அப்களுக்கு சாப்ட்வேர் லைசென்ஸும் கிளவுட் கிரெடிட்டும் (அவர்களுடைய இணைய சர்வர்களை வாடகைக்கு எடுக்கக் கழித்துக்கொள்ளும் தொகை) இலவசமாகத் தருகின்றன. சேரலாமா? பின்னால் மாட்டிக்கொள்வோமோ என்று பயமாகவும் இருக்கிறது.

பதில்: தாராளமாகச் சேருங்கள். ஆனால் எத்தனை டாலர் தருகிறார்கள் என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். இலவசம் முடிந்த மறு மாதம் பில் எவ்வளவு வரும், அதைக் கட்ட முடியாவிட்டால் வேறு இடத்துக்கு மாற எத்தனை வாரம் பிடிக்கும் என்று முதலில் எழுதிப் பாருங்கள்.

இது பழைய ஏற்பாடுதான். மைக்ரோசாஃப்ட் 2008 நவம்பரில் பிஸ்ஸ்பார்க் திட்டத்தைக் கொண்டுவந்தது. தொடங்கி மூன்று வருடம் ஆகாத தனியார் கம்பெனிகளுக்கு விண்டோஸ் சர்வர், எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸ் சாப்ட்வேர், புரோகிராம் எழுத உதவும் விஷுவல் ஸ்டுடியோ எல்லாம் மூன்று வருடம் இலவசம். 2018 பிப்ரவரியில் அது போய் வேறு திட்டம் வந்தது. அதில் மைக்ரோசாஃப்டின் அஷூர் கிளவுடுக்குத்தான் முதலிடம். இன்றைய நிபந்தனை உங்கள் மூன்றாவது வருடத்திலும் அப்படியே இருக்கும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள்.

உங்கள் தொழிலில் கவனிக்க வேண்டிய இடம் டேட்டாபேஸ். சாயம், தையல், அயர்ன் என்று ஒவ்வொரு ஜாப் ஒர்க் கணக்கையும் எஸ்க்யூஎல் சர்வருக்கே உரிய ஸ்டோர்டு ப்ரொசீஜராக (டேட்டாபேஸுக்குள்ளேயே வைக்கும் புரோகிராம்) எழுதிவிட்டால், பிறகு மாறுவதற்குப் பாதி சாப்ட்வேரைத் திரும்ப எழுத வேண்டும். எஸ்க்யூஎல் சர்வர் 2022 பதிப்பின் ஸ்டாண்டர்டு லைசென்ஸ் விலைப்பட்டியலில் இரண்டு ப்ராசஸர் கோருக்கு 3,945 டாலர். குறைந்தது நான்கு கோர் வாங்கியாக வேண்டும். ஆக, ஒரு சர்வருக்கே ஆறரை லட்சம் ரூபாய்க்குக் குறையாது. முதல் நாளிலிருந்தே போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸில் எழுதுங்கள் என்பதுதான் என் கருத்து. அதற்கு லைசென்ஸ் கட்டணமே கிடையாது. எந்த கிளவுடிலும் ஓடும். இலவச கிரெடிட்டை அதை ஓட்டச் செலவழியுங்கள்.

கிளவுடை விட்டுப் போகும்போது டேட்டாவை வெளியே எடுக்கக் கட்டணம் உண்டே என்று முன்பெல்லாம் பயப்படுவார்கள். 2024இல் கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் மூன்றுமே, ஒரேயடியாக விலகுபவர்களுக்கு அதைத் தள்ளுபடி செய்துவிட்டன. இன்று ஆளைப் பிடித்து வைப்பது நாம் எழுதிய புரோகிராம்தான்.

அப்புறம், கிரெடிட்டுக்குக் கெடு தேதி உண்டு. சர்வரில் ஏற்ற எதுவும் தயாராகாத நிலையில் விண்ணப்பித்தால் மாதங்கள் வீணாகும். கெடு முடிந்தால் கார்டில் பணம் எடுக்கத் தொடங்கிவிடும். கணக்குத் திறந்த அன்றே பட்ஜெட் அலர்ட் போட்டுவிடுங்கள். விளம்பரத்தில் வரும் பெரிய தொகை பெரும்பாலும் இன்குபேட்டர் (புதுக் கம்பெனிகளை வளர்த்துவிடும் அமைப்பு), முதலீட்டாளர் வழியாக வருபவர்களுக்குத்தான். அமேசானில் நேரடியாக விண்ணப்பித்தால் 1,000 டாலர் அளவில்தான் எதிர்பார்க்கலாம்.

விஷுவல் ஸ்டுடியோ கம்யூனிட்டி உங்களைப் போன்ற சிறு கம்பெனியில் ஐந்து பேர் வரை இலவசம். அதற்கு எந்தத் திட்டமும் வேண்டாம். ஆறாவது ஆளுக்கும் அது தேவைப்பட்டால், அவருக்கு லைசென்ஸ் வாங்கும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இப்படி இலவசமாகக் கிடைத்த எஸ்க்யூஎல் சர்வரை வாடிக்கையாளரின் சர்வரில் போட்டுத் தரலாமா?

பதில்: கூடாது. அந்த லைசென்ஸ் உங்கள் கம்பெனிக்கு. எஸ்க்யூஎல் சர்வரின் டெவலப்பர் பதிப்பும் சாப்ட்வேர் எழுதிச் சோதிப்பதற்கு மட்டும்தான். யூனிட்டின் அன்றாடக் கணக்கை அதில் ஓட்டினால் தணிக்கையில் சிக்குவது உங்களை நம்பிய முதலாளி. எக்ஸ்பிரஸ் பதிப்பு இலவசம், அதைப் பயன்படுத்தலாம். 2022 பதிப்பில் ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபி வரை, 2025 பதிப்பில் 50 ஜிபி வரை தாங்கும். அதற்கு மேல் போகும் யூனிட் என்றால் லைசென்ஸ் விலையைக் கொட்டேஷனில் தனி வரியாகப் போட்டு, அவர் பெயரிலேயே வாங்கச் சொல்லுங்கள்.